முதல் குழந்தைக்கு எஸ்எம்ஏ, இப்போது 7 வாரம்: ஸ்கேன் மட்டும் போதுமா?

நாமக்கல்_பெண் கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டுத் தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

எங்கள் பையன் போன வருடம் தவறிவிட்டான். பிறக்கும்போது நல்ல எடை, பால் நன்றாகக் குடித்தான். மூன்று மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை, காலைத் தூக்கி உதைக்கவே மாட்டான். ஆனால் முகத்தைப் பார்த்துச் சிரிப்பான், யார் பேசினாலும் கண்ணால் தேடுவான். சளி பிடித்து மூச்சுத் திணறி அட்மிட் செய்தபோதுதான் நரம்பு டாக்டர் பார்த்து ரத்தம் எடுத்து அனுப்பினார். ரிப்போர்ட்டில் எஸ்எம்என்1 ஜீன், எக்ஸான் 7, 8 ஹோமோசைகஸ் டிலீஷன் என்று இருந்தது, அதாவது அந்த ஜீனின் அந்தப் பகுதிகள் இரண்டு பிரதியிலும் இல்லையாம். ஸ்பைனல் மஸ்குலர் அட்ரோஃபி (எஸ்எம்ஏ), தசை பலவீனமாகிக்கொண்டே போகிற பரம்பரை நோய், அதில் கடுமையான டைப் 1 என்றார்கள். முதல் பிறந்தநாளுக்கு முன்பே போய்விட்டான்.

என் கணவர் எனக்குத் தாய்மாமன். எங்கள் அம்மாயிதான் மாமியார். இதற்கு முன் குடும்பத்தில் யாருக்கும் இப்படி வந்ததாகத் தெரியவில்லை.

இப்போது எனக்கு 7 வாரம். இங்கே பார்க்கும் டாக்டரம்மா, என்ஐபிடி என்கிற ரத்த டெஸ்ட் எடுக்கலாம், அப்புறம் அனாமலி ஸ்கேன் பார்க்கலாம், இரண்டும் நார்மல் என்றால் பயப்பட வேண்டாம் என்கிறார். நெட்டில் பார்த்தால் நஞ்சுக்கொடியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று போட்டிருக்கிறது. வயிற்றில் ஊசி குத்தினால் இருக்கிற கருவும் கலைந்துவிடும் என்று அம்மாயி அழுகிறார். சொந்தத்தில் ஒருவர், கருவில் டெஸ்ட் செய்வதே குற்றம், போலீஸ் கேஸ் ஆகும் என்கிறார். மாமா வாயே திறப்பதில்லை.

ஸ்கேனும் என்ஐபிடியும் போதுமா? ஊசி போட்டால் குழந்தைக்கு என்ன ஆகும்? எங்கே போவது? முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் இரண்டாவதுக்கு வராது என்று சிலர் சொல்கிறார்களே, அது உண்மையா?

---

மரபணு_ஆலோசகர் பதில்:

சகோதரி, உங்கள் பையனைப் பற்றிப் படித்ததும் மனது கனத்துவிட்டது. நான் மரபணு ஆலோசனைத் துறையில் வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்கும் டாக்டருக்குப் பதிலாக இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருப்பதால் எனக்குத் தெரிந்ததை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேனும் என்ஐபிடியும் உங்களுக்குப் போதாது. வழக்கமான என்ஐபிடி, தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டிஎன்ஏவை வைத்து 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களின் எண்ணிக்கையில் கோளாறு இருக்கிறதா என்று பார்க்கிறது, அதாவது டவுன் சிண்ட்ரோம் போன்றவை. எஸ்எம்ஏவில் குரோமோசோம் எண்ணிக்கை சரியாகவே இருக்கும். 5வது குரோமோசோமில் எஸ்எம்என்1 என்ற ஒரு ஜீனின் சிறு பகுதி மட்டும் காணாமல் போயிருக்கும், அதை அந்த டெஸ்ட் தேடுவதே இல்லை. டபுள் மார்க்கர் என்கிற ரத்த டெஸ்டும் அப்படித்தான். அனாமலி ஸ்கேன் இதயம், முதுகெலும்பு, சிறுநீரகம் என்று உறுப்புகளின் உருவத்தைப் பார்க்கிறது. எஸ்எம்ஏ குழந்தைக்கு உருவத்தில் ஒரு குறையும் இருக்காது, முதுகுத்தண்டில் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள்தான் செத்துக்கொண்டு வரும். உங்கள் பையனுக்கு எடுத்த ஸ்கேன் எல்லாம் நார்மல் என்றுதானே வந்திருக்கும்? இரண்டாவது தடவையும் அதே நார்மல் ரிப்போர்ட்டை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது.

உங்கள் கையில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது, பையனின் ரிப்போர்ட். எந்த ஜீன், அதில் என்ன கோளாறு என்று எழுத்தில் இருக்கிறது. அரிய பரம்பரை நோய்களில் பெரும்பாலான குடும்பங்களுக்கு இது இருக்காது, அங்கேதான் எல்லாம் தடுமாறும். எந்தக் கோளாறு என்று தெரிந்தால் கருவில் அதை மட்டும் குறிவைத்துப் பார்க்கலாம். தெரியாமல் "எல்லா ஜெனடிக் டெஸ்டும் எடுங்கள்" என்று கேட்டால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வாரமே செய்ய வேண்டியது: நீங்களும் உங்கள் கணவரும் ரத்தம் கொடுத்து எஸ்எம்என்1 எத்தனை பிரதி இருக்கிறது என்று பாருங்கள். எம்எல்பிஏ என்ற முறையில் செய்வார்கள். இருவருக்கும் ஒவ்வொரு பிரதிதான் இருக்கிறது என்று வந்தால் இருவரும் கேரியர், அதாவது தனக்கு நோய் இல்லாமல் கோளாறைச் சுமப்பவர்கள், கணக்கு தெளிவாகிவிடும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், எஸ்எம்ஏ குழந்தைகளில் சுமார் 2 சதவீதம் பேருக்கு ஒரு பக்கத்துக் கோளாறு புதிதாக உண்டாகியிருக்கும், சில பெற்றோருக்கு இரண்டு பிரதியும் ஒரே குரோமோசோமில் இருந்து கேரியர் என்பதே ரிப்போர்ட்டில் தெரியாமல் போகும். முன்பே தெரிந்தால் குழப்பம் இல்லை. ஆயிரக்கணக்கான ஜீன்களை ஒரே தடவையில் படிக்கிற எக்ஸோம் டெஸ்ட் எடுங்கள் என்று யாராவது சொன்னால், எஸ்எம்ஏவுக்கு அது சரியான டெஸ்ட் இல்லை என்று சொல்லுங்கள். எஸ்எம்என்1க்கும் பக்கத்திலுள்ள எஸ்எம்என்2க்கும் அவ்வளவு ஒற்றுமை இருப்பதால் டிலீஷன் தவறிப்போகலாம்.

அப்புறம் 11வது வாரத்திலிருந்து 14வது வாரத்துக்குள் சிவிஎஸ், நீங்கள் நெட்டில் பார்த்த அந்த டெஸ்ட்தான். கருவும் நஞ்சும் ஒரே கருமுட்டையிலிருந்துதான் வளர்கின்றன, அதனால் நஞ்சில் குழந்தையின் டிஎன்ஏதான் இருக்கும். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே வயிற்றின் மேலிருந்து ஊசி விட்டு நஞ்சின் ஓரத்திலிருந்து சில மில்லிகிராம் திசு எடுப்பார்கள். குழந்தை இருக்கும் நீர்ப்பைக்குள் ஊசி போகவே போகாது. எடுத்ததை மைக்ராஸ்கோப்பில் வைத்து உங்கள் திசு ஒட்டியிருந்தால் பிரித்தெடுப்பார்கள், அதோடு உங்கள் ரத்தத்தையும் வாங்கி இரண்டையும் ஒப்பிட்டு, வந்திருப்பது தாயின் டிஎன்ஏ இல்லை என்று உறுதி செய்வார்கள். இந்த ஒப்பீட்டைச் செய்கிறார்களா என்று லேபில் கேளுங்கள். அதைச் செய்யாத ரிப்போர்ட்டை நான் ஏற்க மாட்டேன்.

கரு கலையும் அபாயம் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பழக்கப்பட்ட கை செய்தால் 200க்கு 1 என்பதைவிடக் குறைவு என்றுதான் இப்போது சொல்கிறார்கள். 11 வாரத்துக்கு முன்பே செய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆன்டி-டி ஊசி போட வேண்டியிருக்கும். சிவிஎஸ் முடியாமல் போனால் 16வது வாரத்துக்கு மேல் பனிக்குட நீர் எடுத்தும் பார்க்கலாம், ஆனால் முடிவு தள்ளிப்போகும்.

சட்டத்தைப் பற்றிச் சொன்னவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. 1994 சட்டம் தடை செய்வது ஆணா பெண்ணா என்று பார்ப்பதையும் சொல்வதையும். குடும்பத்தில் மரபணு நோய் இருந்தால் கருவில் பரிசோதிக்க அந்தச் சட்டமே இடம் கொடுக்கிறது. பதிவு பெற்ற மையமாக இருக்க வேண்டும், உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கிக் கையெழுத்து வாங்க வேண்டும், அந்தப் படிவத்தின் ஒரு பிரதி உங்களுக்குத் தர வேண்டும். எஸ்எம்ஏ ஆண் பெண் பார்த்து வருவதில்லை, அதனால் அந்தப் பேச்சுக்கே இங்கே வேலை இல்லை.

கடைசிக் கேள்வி. இருவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வர 4ல் 1, உங்களைப்போல் கேரியராக இருக்க 4ல் 2, இரண்டும் இல்லாமல் இருக்க 4ல் 1. ஒவ்வொரு தடவையும் தாயக்கட்டையைப் புதிதாக உருட்டுவதுதான், போன தடவை என்ன விழுந்தது என்பது அதற்குத் தெரியாது. நோய் இல்லாமல் பிறக்க 4ல் 3 வாய்ப்பு என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அழுதுகொண்டிருக்கும் அம்மாயிக்கும் இதைச் சொல்லுங்கள்.

எங்கே என்றால், வேலூர் சிஎம்சியில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை மத்திய அரசின் அரிய நோய்க் கொள்கையின் கீழ் உயர்சிறப்பு மையமாக இருக்கிறது. அங்கே விசாரித்தால் வழிகாட்டுவார்கள். நாமக்கல்லில் இருந்து பெங்களூரு மனித மரபியல் மையத்துக்கும் போகலாம். போன் செய்து "எஸ்எம்ஏ, 7 வாரம், முதல் குழந்தையின் ரிப்போர்ட் இருக்கிறது" என்று மூன்றையும் ஒரே வரியில் சொல்லுங்கள், சீக்கிரம் தேதி கிடைக்கும்.

---

கடலூர்_அக்கா பதில்:

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை, சிவிஎஸ் செய்துகொண்டவள். எங்கள் வீட்டில் வேறு நோய், பீட்டா தலசீமியா மேஜர், பெரியவளுக்கு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். அதனால் இரண்டாவதுக்குப் பரிசோதனை செய்தோம்.

வலி பற்றிக் கேட்க நினைத்திருப்பாய். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் செய்தார்கள், உள்ளே அழுத்தி இழுக்கிற மாதிரி ஒரு உணர்வு, மாதவிடாய் நாளில் வருகிற பிடிப்பு மாதிரி சாயங்காலம் வரை இருந்தது. எழுந்து நடந்து வந்தேன். ஒன்றிரண்டு நாள் கனமான வேலை வேண்டாம் என்றார்கள். ரத்தம் போனாலோ நீர் கசிந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச்சொன்னார்கள். எதுவும் வரவில்லை.

கஷ்டம் ஊசியில் இல்லை, ரிப்போர்ட் வரும் வரைக்கும் இருக்கிற நாட்களில். யாரிடமும் கர்ப்பம் என்று சொல்ல மாட்டேன், வாங்கி வந்த பூவைக்கூட வைத்துக்கொள்ள மாட்டேன். வந்த ரிப்போர்ட்டில் கேரியர் என்று இருந்தது, என்னைப்போல. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

உன் கணவர் பேசாமல் இருப்பதைப் பற்றி ஒன்று. என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார். ஆலோசனைக்கு இருவரையும் உட்காரவைத்து, இது உன்னால் வந்ததும் இல்லை அவரால் வந்ததும் இல்லை, இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று வந்தால்தான் நோய் என்று படம் போட்டுக் காட்டிய பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். "என் பக்கத்து ரத்தம்தான் கெட்டது" என்று மனதுக்குள் வைத்துக் குமைந்திருக்கிறார். மாமாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போ.

---

திருச்சி_அப்பா பதில்:

என் மகளுக்கு எஸ்எம்ஏ டைப் 2. சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள், வகுப்பில் முதல் மாணவி, வாயாடி. இந்த மாதிரிக் கேள்வி வரும்போதெல்லாம் டெஸ்ட், அப்புறம் கலைப்பு என்று ஒரே வழியில் பேச்சு போவது எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பரிசோதனை செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. அவசியம் செய்யுங்கள். ஆனால் எதற்காகத் தெரிந்துகொள்கிறோம் என்பதில் இன்னொரு பதிலும் இருக்கிறது. எஸ்எம்ஏவுக்கு இப்போது மருந்து இருக்கிறது. 2016ல் நுசினெர்சென், 2019ல் சோல்ஜென்ஸ்மா என்கிற ஜீன் சிகிச்சை, 2020ல் வாயால் குடிக்கிற ரிஸ்டிப்ளாம். செத்துப்போன நரம்பணுவை எந்த மருந்தும் திருப்பிக் கொண்டுவராது, அதனால் அறிகுறி வரும் முன்பே கொடுத்தால்தான் பலன் அதிகம். பிறந்த சில வாரங்களுக்குள் தொடங்கிய குழந்தைகளில் பலர் உட்கார்ந்திருக்கிறார்கள், நடந்திருக்கிறார்கள், டைப் 1 என்றால் முன்பு நினைத்துப் பார்க்க முடியாத விஷயம் அது. கருவிலேயே தெரிந்த குடும்பத்துக்குத்தான் அவ்வளவு சீக்கிரம் தொடங்க முடியும். என் மகளுக்கு ஒன்றரை வயதில்தான் பெயரே தெரிந்தது.

பணம் என்று கேட்பீர்கள், கேட்க வேண்டிய கேள்விதான். சோல்ஜென்ஸ்மா 16 கோடி என்பதைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அரிய நோய்க் கொள்கையில் உயர்சிறப்பு மையம் வழியாக 50 லட்சம் வரை உதவி உண்டு, வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படுகிற பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு? ரிஸ்டிப்ளாம் மட்டும் 2025 அக்டோபரில் நாட்கோ என்கிற இந்தியக் கம்பெனி ஜெனரிக்காகக் கொண்டுவந்தது, பாட்டில் 15,900 ரூபாய். அதுவரை லட்சக்கணக்கில் இருந்த மருந்து. மாதாமாதம் வாங்குவது இன்னும் எங்களுக்குச் சுமைதான், ஆனால் முன்பு வாசலே இல்லாத இடத்தில் இப்போது ஒரு வாசல் இருக்கிறது.

வருகிற ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும், வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை நாமக்கல் சகோதரிதான் முடிவு செய்ய வேண்டும். இங்கே யாரும் அவருக்கு அறிவுரை சொல்லி எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது. கலைத்தால் பாவம் என்றும் எழுதாதீர்கள், பெற்றால் பைத்தியம் என்றும் எழுதாதீர்கள். ஒரு பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே பறிகொடுத்தவர் அவர்.

---

மரபணு_ஆலோசகர் பதில்:

திருச்சி அப்பா சொன்னதை அப்படியே ஏற்கிறேன், ஆலோசனையில் நாங்களும் இப்போது இதைச் சேர்த்தே சொல்கிறோம். கருவுக்கு நோய் இருப்பதாக வந்தால் எஸ்எம்என்2 எத்தனை பிரதி இருக்கிறது என்றும் பார்க்கலாம். 2 பிரதி என்றால் பெரும்பாலும் டைப் 1. பிரதி 3, 4 என்று கூடக்கூடக் கடுமை குறையும், ஆனால் இது ஒரு போக்குதான், உத்தரவாதம் இல்லை.

கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று சகோதரி முடிவு செய்தாலும் 2021 திருத்தத்துக்குப் பிறகு கருக்கலைப்புச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 24 வாரத்துக்கு மேல் என்றால் கருவுக்குக் கடுமையான குறைபாடு இருக்கிறது என்று மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும், கணவரோ மாமியாரோ கையெழுத்துப் போடத் தேவையில்லை. சிவிஎஸ் 11, 12 வாரத்தில் நடந்தால் முடிவு வந்த பிறகும் யோசிக்க நேரம் இருக்கும், நான் அவசரப்படுத்துவது அதற்காகத்தான்.

---

கோவை_தமிழ் கேட்டது:

இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். எங்கள் பெண் குழந்தை பிறந்த சில நாட்களிலேயே வலிப்பு வந்து இறந்துவிட்டாள், ஏதோ மெட்டபாலிக் கோளாறு என்றார்கள், அவ்வளவுதான். எந்த ரிப்போர்ட்டும் இல்லை. நானும் என் அத்தை மகளைத்தான் கட்டியிருக்கிறேன். இன்னும் அடுத்த கர்ப்பம் இல்லை. எங்களுக்கு ஏதாவது வழி உண்டா?

---

மரபணு_ஆலோசகர் பதில்:

கர்ப்பம் ஆவதற்கு முன்பே கேட்டிருக்கிறீர்கள், ரொம்ப நல்லது. முதலில் குழந்தையின் ரத்தம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பிறந்த ஆஸ்பத்திரியிலும் லேபிலும் கேளுங்கள். குதிகாலில் குத்தி எடுத்து அட்டையில் காயவைத்த ரத்தம் இருந்தால்கூட அதிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, அம்மோனியா, லாக்டேட் போன்ற ரிப்போர்ட்டுகள், எம்ஆர்ஐ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். ஒன்றுமே கிடைக்கவில்லை என்றால் உங்கள் இருவருக்கும் எக்ஸோம் டெஸ்ட் செய்து, இருவருக்கும் ஒரே ஜீனில் கோளாறு இருக்கிறதா என்று தேடுவார்கள். சொந்தத்தில் கட்டியவர்கள் என்பதால் பொதுவான ஒன்று கிடைக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அதுதான் குழந்தையின் நோய்க்குக் காரணம் என்று நிரூபிப்பது சில சமயம் கஷ்டமாகிவிடும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கிற டாக்டர்கள் யாராவது இருந்தால் ஒரு வேண்டுகோள். காரணம் தெரியாமல் ஒரு பச்சைக் குழந்தை கைவிட்டுப் போகிற நிலையில் இருக்கும்போது, பெற்றோரிடம் கேட்டுக்கொண்டு இடிடிஏ குழாயில் சில மில்லி ரத்தம் எடுத்து டிஎன்ஏவாகச் சேமித்து வையுங்கள். அந்த நேரத்தில் பெற்றோருக்கு அது தோன்றாது.

---

நாமக்கல்_பெண் பதில்:

எல்லாருக்கும் நன்றி. கடலூர் அக்கா எழுதியதை மாமாவிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார், ராத்திரி வந்து, லீவு சொல்லிவிட்டேன், வேலூர் போகலாம் என்றார். போனில் நீங்கள் சொன்ன மாதிரியே மூன்றையும் சொன்னேன், தேதி கொடுத்திருக்கிறார்கள். பையனின் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துவிட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். என் தங்கைக்கு எங்கள் சின்ன மாமாவைப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் கணவரின் தம்பிதான். தை மாதம் நிச்சயம் என்கிறார்கள். இதை நான் யாரிடமாவது சொல்ல வேண்டுமா? சொன்னால் கல்யாணத்தைக் கெடுக்கிறாள் என்பார்கள்.

---

மரபணு_ஆலோசகர் பதில்:

சொல்லுங்கள். நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள். நீங்கள் கேரியர் என்று உறுதியானால் உங்கள் தங்கை கேரியராக இருக்க 2ல் 1 வாய்ப்பு. உங்கள் கணவர் கேரியர் என்றால் அவர் தம்பிக்கும் 2ல் 1. டெஸ்ட் எடுக்காமலே கல்யாணம் செய்தால் அவர்களின் ஒவ்வொரு குழந்தைக்கும் 16ல் 1 அபாயம் இருக்கிறது. சொந்தத்துக்கு வெளியே கட்டினாலும் பாதுகாப்பு முழுமையாக வந்துவிடாது, பொதுவாகவே சுமார் 40லிருந்து 60 பேரில் ஒருவர் எஸ்எம்ஏ கேரியர். ஆனால் அபாயம் பல மடங்கு குறையும்.

இருவரும் ரத்தம் கொடுத்தால் விஷயம் முடிந்தது. ஒருவருக்கு இல்லை என்று வந்தாலே அவர்கள் குழந்தைக்கு எஸ்எம்ஏ வருகிற பயம் அநேகமாக இல்லை. இருவருமே கேரியர் என்று வந்தால் கல்யாணம் வேண்டுமா என்று யோசிக்கலாம், கட்டிக்கொண்டு உங்களைப்போல 11வது வாரத்தில் சிவிஎஸ் செய்யலாம், ஐவிஎஃப் முறையில் கருவை வெளியே உருவாக்கிப் பரிசோதித்து நோய் இல்லாததை மட்டும் கர்ப்பப்பையில் வைக்கலாம், அது செலவு அதிகம்.

வேலூருக்குப் போகும்போது தங்கையையும் சின்ன மாமாவையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா பாருங்கள். நீங்கள் சொன்னால் கெடுக்கிறாள் என்பார்கள் என்றால், அங்கே ஆலோசகரே எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லட்டும். முன்கூட்டியே போன் செய்து நான்கு பேர் வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

---

நாமக்கல்_பெண் பதில்:

சரிங்க. தங்கை வருகிறேன் என்றுவிட்டாள். சின்ன மாமாவிடம் மாமாவே பேசுகிறேன் என்கிறார். சிவிஎஸ் முடிந்து ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.